மான் வேட்டைக்குப் பெரிய காலிபர் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்: ரூகரா, பிஎஃப்ஆரா, ஃப்ரீடம் ஆர்ம்ஸா?

அமெரிக்கால ரைஃபிளோட நாலஞ்சு சீசன் மான் வேட்டைக்குப் போனவங்களுக்கு ஒரு கட்டத்துல ரிவால்வர் மேல ஆசை வரும், அதுவும் சிங்கிள் ஆக்‌ஷன் மேல. கடைக்குப் போய்ப் பார்த்தா .44 மேக்னம் ஒண்ணு, .454 ஒண்ணு, .480 ஒண்ணு, அப்புறம் .45-70 ரைஃபிள் தோட்டா போடற அளவுக்கு நீட்டு சிலிண்டர் வெச்ச ஒண்ணுன்னு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வரிசையா இருக்கும், விலையும் ஆயிரம் டாலர் பக்கத்துல ஆரம்பிச்சு அதைப் போல ரெண்டு மூணு மடங்கு வரைக்கும் போகும். எல்லாரும் முதல்ல கேக்கறது "எதுக்குப் பவர் ஜாஸ்தி?"ன்னுதான். என்னைக் கேட்டா அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. முதல்ல கைப்பிடி, அப்புறம் எவ்வளவு உதையைத் (சுடும்போது துப்பாக்கி பின்னாடி தள்ற தள்ளு) தாங்கிக்கிட்டு நம்மால ஒழுங்கா சுட முடியும்ங்கறது, அதுக்கப்புறம்தான் காலிபர் (இன்ச் கணக்குல குண்டோட குறுக்களவு), கம்பெனி (ரூகர், பிஎஃப்ஆர் செய்யற மேக்னம் ரிசர்ச், ஃப்ரீடம் ஆர்ம்ஸ்) எல்லாம்.

சிங்கிள் ஆக்‌ஷன்னா ஒவ்வொரு தடவையும் ஹாமரை, அதாவது தோட்டாவை அடிக்கற சுத்தியலை, கட்டைவிரலால பின்னாடி இழுத்து வெச்சாத்தான் சுடும். தோட்டாவை ஒண்ணொண்ணா பக்கத்துல இருக்கற கேட் வழியா போடணும், காலி கேஸையும் (சுட்ட தோட்டாவோட உலோகக் கூடு) கம்பியால ஒண்ணொண்ணா தள்ளி எடுக்கணும். மெதுவான வேலைதான், ஆனா மான் முன்னாடி முதல் குண்டு சரியா போகலைன்னா வேகமா லோடு பண்றதுல என்ன பிரயோஜனம். இந்த டிசைன்ல சிலிண்டர் வெளிய மடங்கி வராது, ஃப்ரேம் நாலு பக்கமும் மூடின ஒரே துண்டு, அதனால பெரிய தோட்டாவோட அழுத்தத்தை நல்லா தாங்கும். கைப்பிடியும் உதை வரும்போது கைக்குள்ள சுழல்ற மாதிரி வளைஞ்சு இருக்கும், அதுல நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு, கீழ சொல்றேன்.

துப்பாக்கி பக்கம் போறதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு. எச்1பி, எல்1, ஸ்டூடண்ட் விசா மாதிரி விசால உள்ள வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சுக்கறதே பொதுவா ஃபெடரல் சட்டப்படி குத்தம், ஆனா ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா விதிவிலக்கு உண்டு. கடைல நிரப்பற 4473 படிவத்துலயும் இந்தக் கேள்வி வரும். லைசென்ஸ் காலாவதி ஆகிடுச்சுன்னா அந்த விதிவிலக்கும் போச்சு, துப்பாக்கி வீட்டு அலமாரில சும்மா இருந்தாலும் அது பிரச்சினைதான், அதனால தேதியைப் பார்த்துக்கிட்டே இருங்க, கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் இமிக்ரேஷன் வக்கீல் கிட்ட கேட்டுட்டு அப்புறம் கடைக்குப் போங்க. க்ரீன் கார்டு இருக்கறவங்களுக்கு இந்தத் தடை கிடையாது. இதோட மாநில வேட்டை விதியும் இருக்கு, உதாரணத்துக்கு ஒஹாயோல கைத்துப்பாக்கியால மான் சுடணும்னா பேரல் குறைஞ்சது 5 இன்ச், நேர் சுவர் கேஸ் (கழுத்து குறுகாத கூடு), .357 அல்லது அதுக்கு மேல இருக்கணும். இன்னொரு மாநிலத்துல வேற மாதிரி இருக்கும், ஒவ்வொரு வருஷமும் புது விதிப் புத்தகத்தைப் படிக்கறது நல்லது.

சரி, கைப்பிடி.

பழைய கோல்ட் கம்பெனி ரிவால்வர் காலத்துலேர்ந்து வர்ற வளைஞ்ச கைப்பிடி, இங்க ப்ளோ ஹேண்டில்னு (கலப்பைக் கைப்பிடி) சொல்லுவாங்க. சாதாரண .45 கோல்ட் தோட்டாவுக்கு அது சொகமா இருக்கும், சுட்டதும் துப்பாக்கி மேல சுழண்டு ஹாமர் கட்டைவிரல் கிட்ட வந்து நிக்கும், அடுத்த தடவை இழுக்கறதுக்கு வசதி. அதே கைப்பிடில 300 கிரெய்ன் (குண்டோட எடைக்கான அளவு) குண்டை முழு வேகத்துல அனுப்பினா சுழற்சி கட்டுக்குள்ள நிக்காது, துப்பாக்கி உள்ளங்கைல வழுக்கி மேல ஏறும், ஹாமர் நுனி கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற தோலைக் கீறும். 1959ல வந்த ரூகர் சூப்பர் ப்ளாக்ஹாக்ல ட்ரிகர் கார்டோட (விசையைச் சுத்தி இருக்கற வளையம்) பின்பக்கம் சதுரமா இருக்கும், பார்க்க அழகு, ஆனா நடுவிரல் கணு மேல அது வந்து அடிக்கற அடி இருக்கே, அதை அனுபவிச்சவங்க பல பேர் அந்த விரலுக்கு டேப் சுத்திக்கிட்டுத்தான் ரேஞ்சுக்கு வருவாங்க.

பிஸ்லி கைப்பிடி வேற ரகம். ட்ரிகர் கார்டுக்குப் பின்னாடி இடம் தாராளமா இருக்கும், கைப்பிடியோட முதுகு ஹாமருக்குக் கீழ நல்லா மேல ஏறி இருக்கும், அதனால உதை உள்ளங்கை முழுக்கப் பரவி நேரா பின்னாடி வரும், சுழற்சி குறைவு. ஹாமர் ஸ்பர்ரும் (கட்டைவிரல் வைக்கற நுனி) தாழ்ந்து அகலமா இருக்கும். இங்கிலாந்துல இருக்கற பிஸ்லி ரேஞ்ச் பேர்ல கோல்ட் கம்பெனி 1894ல டார்கெட் சுடறவங்களுக்காக ஆரம்பிச்ச பேரு, ரூகர் எண்பதுகள்ல அதே பேர்ல தன் வடிவத்தைக் கொண்டுவந்தாங்க. பெரிய லோடு (கனமான குண்டும் மருந்தும் உள்ள தோட்டா) சுடற பெரும்பாலான பேர் பிஸ்லி பக்கம்தான் நிக்கறாங்க, நானும் அந்தப் பக்கம்தான். ஆனா எல்லார் கைக்கும் பொருந்தாது, விரல் குட்டையா இருக்கற சிலருக்கு பிஸ்லில ட்ரிகர் எட்டாத மாதிரி இருக்கும், அவங்களுக்கு சாதாரண கைப்பிடில கொஞ்சம் தடிமனான ரப்பர் கிரிப் போட்டுக்கிட்டா நல்லா வரும். இதைப் படிச்சோ வீடியோ பார்த்தோ முடிவு பண்ண முடியாது. யார்கிட்டயாவது கடன் வாங்கி ரெண்டையும் ஒரே நாள்ல ஒரே தோட்டாவை வெச்சு சுட்டுப் பாருங்க, அரை மணி நேரத்துல கையே சொல்லிடும்.

இப்ப காலிபர். .44 மேக்னம் 1955ல வந்தது, ஐடஹோ பக்கத்து பண்ணைக்காரர், எழுத்தாளர் எல்மர் கீத் வருஷக்கணக்கா .44 ஸ்பெஷல் தோட்டாவை ஏத்தி ஏத்தி சுட்டுக்கிட்டு கம்பெனிக்காரங்களை நச்சரிச்சுக்கிட்டே இருந்தாரு, கடைசில ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியும் ரெமிங்டன் தோட்டாவும் பண்ணிக் கொடுத்தாங்க. ஏழரை இன்ச் பேரல்லேர்ந்து 240 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1350 அடி சுமாருக்குப் போகும், அடிக்கற சக்தி கிட்டத்தட்ட 970 அடி-பவுண்டு. ஒரு வைட்டெயில் மானுக்கு அம்பது, எழுபது கஜத்துல இது தாராளமா போதும், ரெண்டு பக்கமும் துளைச்சுக்கிட்டு வெளிய போயிடும். காட்டுப்பன்னிக்கும் போதும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், அதே சிலிண்டர்ல .44 ஸ்பெஷல் போட்டு மெதுவா பழகலாம், தோட்டா எந்த ஊர்க் கடைலயும் கிடைக்கும்.

.45 கோல்ட் 1873லேர்ந்து இருக்கு. ஃபேக்டரி சாதாரண லோடு 14,000 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு எத்தனை பவுண்டுங்கற கணக்கு) அழுத்தத்துக்குள்ள, மெல்லிசா இருக்கும். ஆனா ரூகர் ப்ளாக்ஹாக் மாதிரி கனமான ஃப்ரேமுக்குன்னு தனியா லோடு விக்கறாங்க, ரீலோடிங் (காலி கேஸை நாமே திரும்ப நிரப்பறது) புத்தகத்துலயும் தனிப் பகுதி இருக்கும், அதுல 300 கிரெய்ன் குண்டை .44 மேக்னத்துக்கு சமமா, ஆனா அதைவிடக் கம்மி அழுத்தத்துல தள்ளும், உதையும் கொஞ்சம் மெத்துனு வரும். இங்க ஒரு ஆபத்து இருக்கு, தயவுசெஞ்சு கவனமா படிங்க. இந்த லோடை பழைய கோல்ட்லயோ, இத்தாலில செய்யற அதோட நகல்கள்லயோ, 2005ல வந்த ரூகர் நியூ வக்கேரோலயோ போடவே கூடாது, அதெல்லாம் சின்ன ஃப்ரேம், மெல்லிசு சிலிண்டர், வெடிச்சா கையும் போகும் கண்ணும் போகும். தோட்டா உள்ள சரியா போய் உக்காரும், துப்பாக்கி உங்களைத் தடுக்காது, அதுதான் பயம். வீட்டுல ரெண்டு .45 கோல்ட் துப்பாக்கி இருந்தா கனமான லோடு இருக்கற பெட்டியைத் தனிப் பூட்டுல வையுங்க.

.454 கசூல் அதே .45 கோல்ட் கேஸோட நீட்டு வடிவம், டிக் கசூல்ங்கற துப்பாக்கி நிபுணர் ஐம்பதுகள்லேர்ந்து வேலை பார்த்து உண்டாக்கினது. அழுத்தம் 65,000 பிஎஸ்ஐ வரைக்கும், .44க்கு 36,000ங்கறதை வெச்சுப் பார்த்தா வித்தியாசம் புரியும். 300 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1600 அடி போனா 1700 அடி-பவுண்டு. தட்டையா போகும், நூறு கஜத்துக்கு அந்தப் பக்கமும் நம்பலாம், ஆனா உதை கூர்மையா வேகமா வரும், சத்தம் மண்டைக்குள்ள இடிக்கும். இதுல சாதாரண .45 கோல்ட் தோட்டாவும் போட்டு சுடலாம்ங்கறது பெரிய வசதி, சுட்டுட்டு சிலிண்டர் துளைக்குள்ள படியற கரி வளையத்தை மட்டும் சுத்தமா தேய்ச்சு எடுத்துடணும், இல்லன்னா அடுத்து .454 போடும்போது இறுகும்.

.480 ரூகர் 2001ல ரூகரும் ஹார்னடிங்கற தோட்டா கம்பெனியும் சேர்ந்து கொண்டுவந்தது, 325 கிரெய்ன் குண்டு 1350 அடி வேகம். காகிதத்துல .454 அளவு எண் வராது, ஆனா குண்டு .475 இன்ச் அகலம், அழுத்தம் கம்மி, உதை தள்ளற மாதிரி இருக்கும், அறையற மாதிரி இருக்காது. எல்க் (பெரிய வகை மான்), பெரிய பன்னி, கரடி நடமாடற இடம்னா .454ஐ விட இதைத்தான் நான் கையில எடுப்பேன். அதுக்கு மேல .475 லைன்பா, .500 லைன்பா எல்லாம் வயோமிங் கோடி ஊர்ல இருந்த ஜான் லைன்பா எண்பதுகள்ல ரூகர் ஃப்ரேமை மாத்தி உண்டாக்கினது, அற்புதமான வேலை, ஆனா ரீலோட் பண்ணாதவங்க அந்தப் பக்கம் போனா தோட்டா தேடியே காலம் போயிடும். ஒண்ணு, .475 சிலிண்டர்ல .480 தோட்டாவும் போகும்.

ஒரு விஷயம் புரிஞ்சுக்கங்க, ரிவால்வர் குண்டு ரைஃபிள் மாதிரி வேகத்தால உள்ள சேதம் பண்றது இல்ல, துளை போட்டுத்தான் கொல்லுது. அதனால குண்டோட வடிவம் ரொம்ப முக்கியம், மூக்கு அகலமா தட்டையா இருக்கற ஹார்ட் காஸ்ட் ஈயக் குண்டு எலும்பையும் உடைச்சுக்கிட்டு நேரா போகும், ஹார்னடி எக்ஸ்டிபி மாதிரி விரியற குண்டு மானுக்கு இன்னும் சீக்கிரமா வேலை செய்யும். கலிஃபோர்னியால 2019 ஜூலைலேர்ந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, அங்க செப்புக் குண்டுதான். எந்தக் குண்டா இருந்தாலும் நுரையீரல்ல படலைன்னா .500ம் ஒண்ணும் பண்ணாது, அடிபட்ட மான் ராத்திரி முழுக்க புதருக்குள்ள கெடக்கும். அதை யோசிச்சுத்தான் சொல்றேன், கை தாங்கற காலிபரை எடுங்க.

துப்பாக்கிக்கு வருவோம். ரூகர் சூப்பர் ப்ளாக்ஹாக் ஹண்டர் .44, இதுதான் பெரும்பாலான பேருக்கு என் பதில். ஸ்டெயின்லெஸ், ஏழரை இன்ச் பேரல், பேரல் மேலயே கனமான பட்டை, அதுலயே ஸ்கோப் ரிங்குக்கு வெட்டு போட்டிருக்கும், ரிங்கும் பெட்டியோடயே வரும். ட்ரிகர் கார்டு இதுல உருண்டை, அந்த விரல் கணு தொல்லை குறைவு, பிஸ்லி கைப்பிடியோடயும் ஒரு வகை இருக்கு. மூணே கால் பவுண்டு எடை, அந்த எடைதான் உதையைச் சாப்பிடுது. ட்ரிகர் கொஞ்சம் கனமா வரும், ஒரு நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கிட்ட கொடுத்தா சரியாகிடும். ரூகர் ப்ளாக்ஹாக் .45 கோல்ட் எடுத்தீங்கன்னா சிலிண்டரோட முன்பக்கத் துளையைப் பாருங்க, சில துப்பாக்கில அது குண்டை விட இறுக்கமா இருக்கும், .452 குண்டு ஒண்ணை முன்னாடிலேர்ந்து விரலால தள்ளினா லேசா உரசிக்கிட்டு உள்ள போகணும், போகாம நின்னா ஈயம் படியும், குறி சிதறும். கன்ஸ்மித் ஆறு துளையையும் ஒரே அளவா பெரிசாக்கிக் கொடுத்தா அதே துப்பாக்கி வேற துப்பாக்கி மாதிரி சுடும். ரூகர்லயே அஞ்சு தோட்டா சிலிண்டரோட .454, .480ல சூப்பர் ப்ளாக்ஹாக் பிஸ்லி ஆறரை இன்ச் பேரல்ல வந்திருக்கு, பெரிய காலிபர்தான் வேணும்னு உறுதியா இருக்கறவங்களுக்குக் காசுக்கு நல்ல மதிப்பு.

பிஎஃப்ஆர், மேக்னம் ரிசர்ச் கம்பெனி மினசோட்டால செய்யறது. ரூகரை விட கொஞ்சம் விலை, ஆனா வேலைப்பாடு நல்லா இறுக்கமா இருக்கும், சிலிண்டர் பொதுவா அஞ்சு தோட்டா. ரெண்டு ஃப்ரேம், குட்டை சிலிண்டர்ல .44, .454, .480/.475, .500 ஜேஆர்எச் எல்லாம் வரும், நீட்டு சிலிண்டர்ல .45-70, .460, .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். நீட்டு சிலிண்டர் துப்பாக்கி நாலு பவுண்டுக்கு மேல போகும், முன்பக்கம் கனம், பென்ச்ல உக்காந்து பை மேல வெச்சு சுட அருமை, நாள் முழுக்க இடுப்புல கட்டிக்கிட்டு மேடு ஏற முடியாது. மரத்து மேல ஸ்டாண்ட்ல உக்காந்து சுடறவங்களுக்கு அது பரவால்ல. நடந்து வேட்டையாடறவங்க குட்டை சிலிண்டர்ல .480 பிஸ்லி கைப்பிடியோட எடுத்தா, பெரிய காலிபர்ல இதை விட சமநிலையான தேர்வு எனக்குத் தெரியல.

ஃப்ரீடம் ஆர்ம்ஸ் மாடல் 83, வயோமிங்ல ஃப்ரீடம்னு சின்ன ஊர்ல செய்யறது, .454க்காகவே 1983ல பிறந்த துப்பாக்கி. இதுல சிலிண்டரை ஃப்ரேம்ல மாட்டின நிலைலயே ஒவ்வொரு துளையையும் பேரலுக்கு நேரா துளைக்கறாங்க, அதனாலதான் அந்தத் துல்லியம். ஹாமரை இழுத்து சிலிண்டரை ஆட்டிப் பார்த்தா அசைவே தெரியாது. வாழ்நாள் முழுக்க வெச்சு பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஆனா புதுசு வேணும்னா விலையும் காத்திருப்பும் ரெண்டும் அதிகம், இன்னொண்ணு இதுல ரூகர், பிஎஃப்ஆர் மாதிரி ட்ரான்ஸ்ஃபர் பார் (ட்ரிகரை இழுக்காம ஹாமர் அடி தோட்டாவுக்குப் போகாம தடுக்கற பட்டை) கிடையாது, ஹாமருக்குக் கீழ காலி அறை வெச்சுத்தான் எடுத்துட்டுப் போகணும், அப்ப அஞ்சுல நாலுதான். கையில காசு இருந்து, ஏற்கெனவே நல்லா சுடறவரா இருந்தா வாங்குங்க. முதல் வேட்டை ரிவால்வரா இதை வாங்கினா அந்தத் துல்லியத்துல பாதி கூட நம்ம கைக்கு வராது, மிச்சமாகற காசை தோட்டாவுல போட்டா பலன் ஜாஸ்தி.

அந்த காலி அறை விஷயம் பழைய ரூகருக்கும் பொருந்தும். 1973க்கு முன்னாடி செஞ்ச மூணு ஸ்க்ரூ மாடல்கள் கீழ விழுந்தா வெடிக்க வாய்ப்பு உண்டு, ரூகர் கம்பெனியே இலவசமா ட்ரான்ஸ்ஃபர் பார் மாத்திக் கொடுக்கறாங்க. செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைச்சா இதை முதல்ல பாருங்க. அப்புறம் ஹாமரை இழுத்து வெச்சு சிலிண்டர் முன்னும் பின்னும் எவ்வளவு நகருது, பேரல் முன்வாய் அடிபட்டிருக்கா, சிலிண்டர் அச்சுக் கம்பி கனமான லோடுல தானா முன்னாடி நழுவுதான்னு பார்க்கணும், நழுவினா அதை விட இறுக்கமான கம்பி தனியா வாங்கிப் போட்டுக்கலாம்.

குறி பார்க்க ஸ்கோப்பா (தொலைநோக்கி), ரெட் டாட்டா (கண்ணாடில தெரியற சிவப்புப் புள்ளி), வெறும் சைட்டா? நாப்பது வயசு தாண்டினவங்களுக்கு பின் சைட் மங்கிடும், சின்ன ரெட் டாட் ஒண்ணு போட்டா எடையும் ஏறாது, சாயங்கால வெளிச்சத்துலயும் தெரியும். ஸ்கோப்னா கைத்துப்பாக்கிக்குன்னே கண்ணுலேர்ந்து கை நீட்டு தூரத்துல பார்க்கற மாதிரி செஞ்சது வேணும், ரைஃபிள் ஸ்கோப்பை மாட்ட முடியாது. .44ஐ அம்பது கஜத்துல ஜீரோ பண்ணா (குண்டு குறியிலயே படற மாதிரி சரி பண்ணா) நூறுல அஞ்சு ஆறு இன்ச் கீழ விழும், இது எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கணும்.

காதுக்கு எலெக்ட்ரானிக் மஃப் (காது மூடி) கட்டாயம், காட்டுலயும்தான். 140 டெசிபலுக்கு மேல ஒரே ஒரு சத்தமே காதைக் கெடுக்கும், இந்த ரிவால்வர் எல்லாம் 160 பக்கத்துல போகும், உதையைக் குறைக்க பேரல்ல துளை போட்டிருந்தா இன்னும் மோசம்.

வாங்கினதும் தோட்டாவை ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. அஞ்சு போட்டு நாலு சுட்டுட்டு அஞ்சாவதை வெளிய எடுத்து கேலிப்பர்ங்கற அளவுக் கருவில நீளத்தை அளங்க, சுடாததோட ஒப்பிட்டா குண்டு கேஸ்லேர்ந்து முன்னாடி வந்திருக்கான்னு தெரியும். உதைல குண்டு நழுவி வந்து சிலிண்டர் முகத்துக்கு வெளிய நீட்டினா சிலிண்டர் சுத்தாது, அப்படியே பூட்டிக்கும், கரடி இருக்கற காட்டுல அது நடக்கவே கூடாது. .454லயும் .480லயும் இது கூடுதலா வரும், நழுவினா அந்த பிராண்டை மாத்துங்க.

பழகறதுக்கு ஒரு பேப்பர் தட்டு போதும், மானோட உயிர்ப்பகுதி கிட்டத்தட்ட அந்த அளவுதான். கையை ஒரு குச்சி மேலயோ மரத்து மேலயோ தாங்கிக்கிட்டு எத்தனை கஜம் வரைக்கும் அஞ்சு தோட்டாவும் அந்தத் தட்டுக்குள்ள விழுதோ அதுதான் உங்க தூரம், பெட்டில எழுதியிருக்கற எண் இல்ல. நடுவுல சுட்ட காலி கேஸையும் கலந்து போட்டு யாரையாவது சிலிண்டரைச் சுத்திவிடச் சொல்லுங்க, காலி அறைல ஹாமர் விழும்போது முன்வாய் கீழ குத்துதுன்னா உதைக்குப் பயந்து கை முன்கூட்டியே இழுக்குதுன்னு அர்த்தம். அப்படி வந்தா ரெண்டு வாரம் .44 ஸ்பெஷலுக்கு இறங்குங்க. அதுக்கு இறங்கற வசதி உங்க துப்பாக்கில இருக்கான்னு வாங்கும்போதே பார்த்துக்கங்க, .44ல இருக்கு, .454ல .45 கோல்ட் இருக்கு, .480க்கு அப்படி சின்னத் தோட்டா கிடையாது, மெல்லிசான லோடைத் தேடி வாங்கணும் இல்ல நீங்களே ரீலோட் பண்ணணும்.